காலை நீட்டுவதா, மடக்குவதா? க்ரூசர் பைக்குக்கு ஏற்ற ஃபுட்ரெஸ்ட்

க்ரூசர், அதாவது தாழ்ந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் பைக், வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது சீட் உயரம். அப்புறம் மைலேஜ், சர்வீஸ் செலவு. ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஷோரூமில் வண்டி மேல் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டியதும் சொகுசாகத் தோன்றிவிடுகிறது, அதோடு முடிவும் எடுத்தாகிவிடுகிறது. தாம்பரத்தில் கிளம்பி விழுப்புரம் தாண்டும்போது இடுப்பு என்ன பாடுபடும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரியாது. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கால் வைக்கும் இடம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் கிட்டத்தட்ட நேராக முன்னால் நீண்டிருக்கும் ஃபார்வர்டு-செட் அமைப்பு, நம் ஊர்ச் சாலைகளில் ஓட்டும் பெரும்பாலானவர்களுக்குச் சரிவராது. மிட்-செட் (வண்டியின் நடுவில், இடுப்புக்குக் கீழே இருப்பது) அல்லது கொஞ்சமாக முன்னால் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்தான் பலருக்கும் பொருந்தும். யாருக்கு விதிவிலக்கு, ஏன் என்பதைப் பார்ப்போம்.

எடை எங்கே போகிறது

பைக்கில் உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்குவது மூன்று இடங்கள்: சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார். கால் இடுப்புக்குக் கீழே இருந்தால் எடையில் ஒரு பங்கைக் கால் வாங்கிக்கொள்ளும். பள்ளம் வரும்போது லேசாக எழுந்துகொள்ளலாம், அதிர்ச்சியை முட்டி வாங்கும். கால் முன்னால் போகப் போக அந்தப் பங்கு குறைந்து, எல்லாமே சீட்டில் இறங்கும். சீட்டில் என்றால் வால் எலும்பிலும் கீழ் முதுகிலும் என்று அர்த்தம்.

திண்ணையில் ஈஸி சேரில் சாய்ந்தால் சுகமாக இருப்பதற்குக் காரணம், கால் நீண்டிருப்பது மட்டும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் துணி இருக்கிறது. ஃபார்வர்டு-செட் க்ரூசரில் அதே கோணத்தில் உட்காருகிறோம், முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஓட்டுபவருக்கு பேக்ரெஸ்ட் போட்டவர்கள் கால் நீட்டும் அமைப்பை விரும்புவதற்கும், போடாதவர்கள் நூறு கிலோமீட்டரில் நெளிய ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்று காற்று. மணிக்கு 90, 100 கி.மீ வேகத்தில் காற்று நெஞ்சைப் பின்னால் தள்ளும், அகன்ற முட்டிகளை இன்னும் விரிக்கும். கால் கீழே இருந்தால் தொடையால் டேங்கைப் பிடித்துக்கொள்ளலாம். கால் முன்னால் இருந்தால் அந்தப் பிடி கிடைக்காது, கைகள்தான் உடம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் தோள்பட்டையும் மணிக்கட்டும் வலிக்கிறது என்பவர்கள் ஹேண்டில்பாரை மாற்ற ஓடுகிறார்கள். பல நேரம் கோளாறு கீழே, காலில் இருக்கிறது. அதனால் ஃபார்வர்டு-செட்டையும் விண்ட்ஷீல்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒன்று இல்லாமல் இன்னொன்றை வாங்குவதில் அர்த்தம் குறைவு.

ஒரே இன்ஜின், இரண்டு உட்காரும் விதம்

இந்த ஒப்பீட்டுக்கு நமக்கு நல்ல ஜோடி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு, 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியோர் 650-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் கழித்து ஷாட்கன் 650 வந்தது. இரண்டிலும் அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின். எடையும் 240 கிலோவை ஒட்டித்தான். சூப்பர் மீட்டியோரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால், ஷாட்கனில் நடுவில். வேறு பல மாற்றங்களும் உண்டு, ஆனால் ஏறி உட்கார்ந்ததும் தெரியும் பெரிய வித்தியாசம் கால்தான்.

சீட் உயரத்தைப் பாருங்கள். சூப்பர் மீட்டியோரில் 740 மி.மீ, ஷாட்கனில் 795 மி.மீ. இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். ஃபுட்ரெஸ்ட்டை இடுப்புக்குக் கீழே கொண்டுவந்தால் முட்டி மடங்கும். மடக்கு அதிகமாகாமல் இருக்க சீட் உயர்ந்தாக வேண்டும். சீட்டைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு ஃபுட்ரெஸ்ட்டையும் நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹோண்டா ரெபெல் 500 உதாரணம். சீட் உயரம் 690 மி.மீ. குட்டையானவர்களுக்கு அருமையான வண்டி. ஆறடி ஆள் உட்கார்ந்தால் முட்டி மேலே வந்து நிற்கும்.

சீட் உயரத்தை மட்டும் பார்த்து க்ரூசர் எடுப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். தரையில் கால் எட்டுவது ஒரு அளவு. ஃபுட்ரெஸ்ட்டில் கால் எட்டுவது வேறு அளவு. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு 740 மி.மீ சீட்டில் பாதம் தரையில் பதியலாம். அதே ஆள் முன்னால் இருக்கும் பிரேக் பெடலை முழுசாக அழுத்த, இடுப்பைச் சீட்டில் முன்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தால், அந்த வண்டி அவருக்குப் பொருந்தவில்லை. தாழ்வான சீட்டுள்ள வண்டி எல்லாம் குட்டையானவர்களுக்கானது என்ற நம்பிக்கை அங்கேதான் உடைகிறது.

சூப்பர் மீட்டியோரை நான்கு வழிச் சாலையில் ஓட்டினால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று புரியும். சென்னையிலிருந்து திருச்சி வரை சுமார் 330 கி.மீ. டிராஃபிக் இல்லாத காலை நேரத்தில், ஒரே வேகத்தில், முட்டி திறந்த நிலையில் போகும் சுகம் தனி. மடக்கி உட்கார்ந்தால் முட்டிச்சில்லில் வலி வரும் ஆட்களுக்கு, அதாவது சினிமா தியேட்டரில் ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலே முட்டி பிடித்துக்கொள்ளும் ஆட்களுக்கு, இந்த நிலை உண்மையிலேயே உதவும். சிக்னலில் நிற்கும்போதும் வசதி: காலைக் கீழே வைக்கும் இடத்தில் ஃபுட்ரெஸ்ட் இல்லை. மிட்-செட் வண்டியில் கெண்டைக்காலிலோ முன்காலிலோ அது இடித்துக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் அண்ணா சாலையில் நிற்பவருக்கு இன்ஜின் சூடும் காலுக்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

ஆனால் அதே வண்டியை உள்ளூர்ச் சாலைக்கு இறக்குங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, பாதியில் பெயின்ட் போனவை, பெயின்டே அடிக்காதவை. பாதாளச் சாக்கடை மூடி, மழைக்குப் பிறகு வாய் திறந்த தார். க்ரூசரில் பின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் தூரம் பொதுவாகவே குறைவு, சூப்பர் மீட்டியோர், ஷாட்கன் இரண்டிலும் சுமார் 100 மி.மீ அளவில்தான். மீதியைத் தாங்க வேண்டியது நம் உடம்பு. மிட்-செட்டில் எழுந்துகொள்வதற்கு அரை நொடி போதும். ஃபார்வர்டு-செட்டில் எழவே முடியாது. கால் முன்னால் இருக்கும்போது அதன் மேல் நிற்க வேண்டுமானால் ஹேண்டில்பாரைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது வண்டியின் திசையே கொஞ்சம் கலங்கும். வேகத்தடை ஒன்று எதிர்பாராமல் வந்தால் அந்த அடி நேராக முதுகுத்தண்டில்.

எனவே, முதுகு வலி உள்ளவர்கள் காலை நீட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஃபார்வர்டு-செட் பக்கம் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். முட்டி வலிக்கு அது நல்லது, கீழ் முதுகு வலிக்கு அது பெரும்பாலும் எதிரி. டிஸ்க் பிரச்சினை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், எந்த வண்டி என்று முடிவு செய்வதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ராயல் என்ஃபீல்டுக்கு வெளியிலும் இப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. ட்ரையம்ஃபின் 1200 சிசி பாபரில் ஃபுட்ரெஸ்ட் நடுவில், அதன் சகோதரன் ஸ்பீட்மாஸ்டரில் முன்னால். ஹார்லி-டேவிட்சனின் சாஃப்டெய்ல் வரிசையில் ஸ்ட்ரீட் பாப் மிட்-செட், பிரேக்அவுட் ஃபார்வர்டு, ஃபேட் பாய் ஃப்ளோர்போர்டு (பாதம் முழுசையும் தாங்கும் பலகை). ஒரே மாதிரி ஃப்ரேமை வைத்துக்கொண்டு காலை மூன்று விதமாக வைக்கிறார்கள். காரணம் தோற்றம் பாதி, ஓட்டுபவரின் உடம்பு பாதி.

இடைப்பட்ட வழி

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதுதான் நம் ஊரில் அதிகம் விற்கிறது. 2005-ல் வந்த பஜாஜ் அவெஞ்சர் நிறைய பேருக்கு முதல் க்ரூசர். ஃபுட்ரெஸ்ட் முன்னால், ஆனால் கால் நேராக நீளும் அளவுக்கு இல்லை. 2020 நவம்பரில் வந்த மீட்டியோர் 350-லும் அப்படித்தான்: சீட் உயரம் 765 மி.மீ, எடை 191 கிலோ, முட்டியில் தாராளமான மடக்கு மிஞ்சும். இதில் முழுசாக எழ முடியாவிட்டாலும், பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கிக்கொள்ள முடியும். அந்த ஒரு அங்குலம் நம் சாலையில் பெரிய விஷயம். அலுவலகத்துக்கும் போக வேண்டும், மாசத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரிக்கும் போக வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இந்த அமைப்பைத்தான்.

கவாஸாகி வல்கன் எஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதன் ஃபுட்ரெஸ்ட்டை நடு நிலையிலிருந்து ஒரு அங்குலம் முன்னோ பின்னோ மாற்றிப் பொருத்தலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் வெவ்வேறு அளவுகள் உண்டு. நிறுவனமே கொடுக்கும் மாற்றம் என்பதால் கியர் லிங்கேஜும் (லிவரை இன்ஜினோடு இணைக்கும் ராடு) பிரேக்கும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். சீட் உயரம் 705 மி.மீ. ஒரு அங்குலம் கேட்கச் சின்னதுதான். ஆனால் முட்டிக் கோணத்தில் அது நன்றாகவே தெரியும். எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்தால், ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்த வெளிக்கடைகள் விற்கும் பிராக்கெட் வியாபாரமே பாதி குறைந்துவிடும்.

ஃப்ளோர்போர்டு யாருக்கு

இது ரொம்பப் பழைய அமைப்பு. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் கிளட்ச் காலில், கியர் கையில். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி வேலை செய்ய வேண்டியிருந்ததால் பாதம் முழுசையும் தாங்கும் பலகை தேவைப்பட்டது. ஹார்லியில் 1952-ல் வந்த கே மாடல்தான் கிளட்சைக் கைக்கும் கியரைக் காலுக்கும் மாற்றியது. தேவை போன பிறகும் பலகை போகவில்லை, ஏனென்றால் அது சுகம்.

சுகம் எங்கே வருகிறது என்றால், பாதத்தை நகர்த்த முடிகிறது. ஃபுட்ரெஸ்ட் கம்பியில் கால் ஒரே இடத்தில் கிடக்கும். ரெண்டு மணி நேரத்தில் பாதத்தின் நடுப்பகுதி மரத்துப்போகும். பலகையில் குதிகாலைப் பின்னால் இழுக்கலாம், முன்னால் தள்ளலாம், பாதத்தைத் திருப்பலாம். முட்டிக் கோணம் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பதால் எந்தத் தசையும் பிடித்துக்கொள்வதில்லை. கீழே தடித்த ரப்பர் இருப்பதால் அதிர்வும் குறைகிறது. நீண்ட பயணத்துக்கு இதைவிடச் சௌகரியமான அமைப்பு எனக்குத் தெரியாது.

விலையும் இருக்கிறது. பலகை அகலமாக இருப்பதால் வளைவில் சீக்கிரம் தரையில் உரசும். அது கீல் வைத்துப் பொருத்தியதுதான், உரசும்போது மேலே மடங்கும். ஆனால் மடங்கி முடிந்த பிறகும் சாய்த்தால் அதன் பிராக்கெட் தரையைத் தொடும், பின்சக்கரம் பிடியை இழக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் ஏறுவதாக இருந்தால் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். நிற்கும்போதும் காலைப் பலகைக்கு வெளியே அகட்டி வைக்க வேண்டும். அகட்டினால் கால் எட்டும் உயரம் குறையும். குட்டையான ஓட்டுநர் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். பிரேக் பெடல் பலகைக்கு மேலே நிற்பதால், சில வண்டிகளில் முழுக் காலையும் தூக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

350 சிசி வண்டிகளுக்கும் வெளிக்கடைகளில் ஃப்ளோர்போர்டு கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: பலகையில் பாதம் இயல்பாக இருக்கும்போது பிரேக் பெடல் ஷூவுக்கு அடியில் மாட்டுகிறதா, கியர் லிவர் முழு ஓட்டம் ஓடுகிறதா. இரண்டில் ஒன்று தடைபட்டாலும் வேண்டாம்.

ஹைவே பெக்

கிராஷ் கார்டில் மாட்டும் கூடுதல் ஃபுட்ரெஸ்ட் இது. மிட்-செட் வண்டி வைத்திருப்பவர் மொத்த அமைப்பையும் மாற்றாமல், நெடுஞ்சாலையில் மட்டும் காலை நீட்டிக்கொள்ள மலிவான வழி. எனக்குப் பிடித்த தீர்வும்கூட, ஒரு நிபந்தனையோடு. அங்கே கால் இருக்கும்போது பிரேக்கும் கியரும் காலுக்கு எட்டாது. மணிக்கு 80 கி.மீ என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். காலைத் தூக்கி பிரேக்குக்குக் கொண்டுவர அரை நொடி ஆனால் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும். மீடியனில் இடைவெளி, ஓரத்தில் டீக்கடை, எதிர்த்திசையில் வரும் டிராக்டர் என்று எதுவும் கண்ணில் படும் இடத்தில் கால் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். வலது காலை பிரேக்கிலேயே விட்டு இடது காலை மட்டும் நீட்டுவது நடுத்தரமான வழி.

கிராஷ் கார்டு மெல்லிய குழாயாக இருந்தால் பெக் போட வேண்டாம். கால் எடை நாள் முழுக்க அதிரும்போது வெல்டிங்கில் விரிசல் விழும்.

ஹீல்-டோ லிவர்

மீட்டியோர் 350 முதல் பல க்ரூசர்களில் கியர் லிவருக்கு முன்னும் பின்னும் இரண்டு முனை. மேல் கியருக்குக் குதிகாலால் பின்முனையை அழுத்தினால் போதும், ஷூவின் மேல்பகுதி தேயாது. செருப்போடு ஓட்டுபவருக்கு இது பெரிய வசதி, ஆனாலும் நீண்ட பயணத்துக்கு ஷூதான் சரி. பெரிய ரைடிங் பூட் போடுபவருக்கு இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடம் பற்றாமல் போகலாம். காலை நகர்த்தும் சுதந்திரத்தையும் பின்முனை தடுக்கிறது என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றினால் மேல் கியருக்கு முன்முனையைக் கால்விரலால் கீழிருந்து தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் பழகி க்ரூசருக்கு வருபவர்கள் ஒன்றை நன்றாக மனதில் வைக்க வேண்டும். அங்கே முன்முனையை அழுத்தினால் கியர் ஏறும், பின்முனையை அழுத்தினால் இறங்கும். இங்கே தலைகீழ்: முன்முனையை அழுத்தினால் இறங்கும், பின்முனையை அழுத்தினால் ஏறும். லாரியை முந்தும் அவசரத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டால், ஏற வேண்டிய கியர் இறங்கி பின்சக்கரம் இழுக்கும். காலி ரோட்டில் நன்றாகப் பழகிய பிறகே நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

செலவு செய்வதற்கு முன்

வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டு வசதிப்படவில்லை என்பவர்கள் உடனே ஃபுட்ரெஸ்ட்டை முன்னால் நகர்த்தும் ஃபார்வர்டு கிட் தேடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது சில ஸ்பானர் வேலைகள். கியர் லிவர் பல் வைத்த தண்டில் மாட்டியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் மேலோ கீழோ நகர்த்தலாம். ராடு மூலம் இணைத்திருந்தால் இரண்டு பக்க லாக் நட்டையும் தளர்த்தி ராடைத் திருகலாம். அதில் ஒரு நட் பெரும்பாலும் இடப்புரி (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும்), கழலவில்லை என்று முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். கணுக்கால் இயல்பான கோணத்தில் இருக்கும்போது கால்விரல் லிவருக்கு அடியில் தானாக நுழைய வேண்டும். பிரேக் பெடலும் அப்படியே: குதிகால் ஃபுட்ரெஸ்ட்டில் தங்கியிருக்க, முன்பாதம் லேசாகச் சாய்ந்தால் பெடல் கிடைக்க வேண்டும்.

க்ரூசரில் பின் பிரேக்கை அலட்சியமாக நினைக்க முடியாது. நீளமான வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம்), தாழ்வான எடை மையம் என்பதால் பிரேக் போடும்போது எடை முன்னால் பாய்வது குறைவு. பின் டயருக்குப் பிடி மிஞ்சுகிறது, பின் பிரேக் உண்மையிலேயே வேலை செய்கிறது. அதனால் வலது காலின் வசதி சுகத்துக்கும் மேலாகப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

அடுத்தது சீட். சீட்டின் பஞ்சை அரை அங்குலம் ஏற்றினாலே முட்டி திறந்துகொள்ளும். பின்புறம் சின்ன மேடு வைத்துத் தைத்தால் காற்று தள்ளும்போது இடுப்பு நழுவாது. நல்ல சீட் தைப்பவர் இருக்கும் ஊரில் இது ஒரு நாள் வேலை, ஃபார்வர்டு கிட்டோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. முட்டி மடங்கி வலிக்கிறது என்று சொன்ன நெட்டையான ஆட்கள் பலருக்கு இதுவே போதுமானதாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஹேண்டில்பாரையும் இதோடு பார்க்க வேண்டும். கால் முன்னால், கையும் முன்னால் என்றால் முதுகு வில்லாக வளையும். ஃபுட்ரெஸ்ட்டை முன்னால் நகர்த்துபவர் ஹேண்டில்பாரைத் தன் பக்கம் கொஞ்சமாவது திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் முன்னால் இழுபடக்கூடாது. திருப்பிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லையா என்று பாருங்கள்.

டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. முடிந்தால் ஒரு மணி நேரம் கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். லட்சக்கணக்கில் செலவு செய்யும்போது அந்த வாடகை ஒரு பொருட்டில்லை. வழக்கமாகப் போடும் ஷூவோடு போங்கள். வண்டியை யாராவது நேராகப் பிடிக்க, கண்ணை மூடி உட்கார்ந்து காலைத் தூக்கி இயல்பாக வையுங்கள். கால் போய் நிற்கும் இடத்துக்கும் ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பிறகு ஓட்டும்போது மூன்றைக் கவனியுங்கள்: வேகத்தடையில் எழ முடிகிறதா, மெதுவாக யூ-டர்ன் எடுக்கும்போது கால் உதவுகிறதா தொங்குகிறதா, இறங்கிய பிறகு முதலில் வலிப்பது எது. பின்னால் யாராவது வழக்கமாக வருவார்கள் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். ஃபார்வர்டு-செட்டில் ஓட்டுபவர் பின்னால் சாய்வதால் பின்சீட்டில் இருப்பவரின் இடம் சுருங்கும், அதை அவர்தான் சொல்ல முடியும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

உங்கள் மாடலுக்கென்றே நிறுவனம் விற்கும் கிட் இருந்தால் அதை வாங்குங்கள். ஹார்லியின் சில மாடல்களுக்கு மிட்டிலிருந்து ஃபார்வர்டுக்கும், ஃபார்வர்டிலிருந்து மிட்டுக்கும் மாற்ற அதிகாரபூர்வக் கிட்கள் உண்டு. இல்லாவிட்டால் பேர் பெற்ற தயாரிப்பாளரின் கிட்டைத் தேடுங்கள். லேத்துப் பட்டறையில் செய்த பிராக்கெட்டில் ஃபுட்ரெஸ்ட் மட்டும் முன்னால் போய், கியர் லிவரும் பிரேக்கும் பழைய இடத்திலேயே இருப்பதைப் பார்க்கிறேன். அதில் கால் நீளும், ஆனால் ஒவ்வொரு கியருக்கும் பாதத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். ஹைவே பெக்குக்கும் அதற்கும் வித்தியாசமில்லை, பழைய ஃபுட்ரெஸ்ட் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

பிரேக் பெடலை முன்னால் கொண்டுபோனால் நடுவில் ஒரு நீண்ட ராடு வரும். ராடு வளைந்துகொடுத்தால் பெடல் மெத்தென்று இருக்கும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும். பெடலின் நீளமும் கோணமும் மாறினால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கும் மாறும். கியர் ராடில் மூட்டுகள் கூடினால் நியூட்ரல் பிடிப்பது சிரமமாகும். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய ஃபுட்ரெஸ்ட் ஒரு விஷயம், ஃப்ரேமை வெட்டி வெல்டிங் செய்வது முற்றிலும் வேறு. ஃப்ரேமில் கை வைக்க எந்தச் சூழ்நிலையிலும் சம்மதிக்காதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும், வெறும் பெடல் உயரத்தைச் சரிசெய்திருந்தால்கூட, வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பெடலைத் தொடாதபோது பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் இடைவெளி, போதவில்லை. அப்புறம் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பெடலை மெதுவாக அழுத்துங்கள். பெடல் நகர்ந்தால் பிரேக் லைட் சுவிட்சின் கணக்கும் நகரும். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே விளக்கு எரிய வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்குங்கள்.